மூன்றங்குலக் குஞ்சும் பத்துத் தொன் தண்ணீரும்: வன்னி வீடுகளில் இராட்சதக் கெளிறுகள்

கைப்பேசியில் ஓடும் குறுங்காணொளிகளில் இப்போது அடிக்கடி தென்படும் மீன் ஒன்று உண்டு. கறுத்த முதுகு, வெள்ளை வயிறு, சிவந்த வால், நீண்ட மீசை. மேலிருந்து போடும் கோழித்துண்டை மெல்லாமலே விழுங்கிவிட்டு அடுத்த துண்டுக்குக் காத்து நிற்கும். அதே மீனின் குஞ்சு அலங்கார மீன் கடைகளில் மூன்றங்குல நீளத்தில் விலைக்குக் கிடைக்கிறது. இன்னொரு பக்கம், மாரியில் குளங்கள் வான் பாயும் நாட்களில் வலையில் சிக்கிய ஏதோவொரு அறியாத மீனின் படம் "இது என்ன மீன், சாப்பிடலாமா?" என்ற கேள்வியோடு முகநூலில் சுற்றும். கீழே வரும் பதில்களில் பாதி பயம், பாதி பகிடி.

கடைக் குஞ்சுக்கும் வலையில் சிக்கிய மீனுக்கும் இடையில் ஒரு பாதை இருக்கிறது. அந்தப் பாதையை விளக்குவதற்கு மீனின் குணத்தைவிட எளிய பெருக்கல் கணக்கே கூடுதலாக உதவும். எவ்வளவு நீளம், எவ்வளவு தண்ணீர், எவ்வளவு மின்சாரம், எத்தனை வருடம்: இந்த நான்கையும் போட்டுப் பார்த்தால், இந்த மீன்களைச் சாதாரண வீட்டில் வளர்க்க முடியாது என்பதும், கைவிடப்படும் மீன்கள் ஏன் குளத்தில் போய் முடிகின்றன என்பதும் தெரிந்துவிடும்.

எந்த மீன்களைப் பற்றிய பேச்சு இது

கெளிற்றினம் வன்னிக்குப் புதிதல்ல. கெளிறும் சுங்கானும் குளத்து வாளையும் இங்குள்ள நன்னீரில் இருப்பவைதாம். மீசையும், செதிலற்ற உடலும், முதுகிலும் மார்புச் செட்டையிலும் உள்ள முள்ளும் இந்த இனத்தின் பொது அடையாளங்கள். கடைக்கு வரும் வெளிநாட்டுக் கெளிறுகளில் நான்கைத் தெரிந்துகொண்டால் போதும்.

1. ரெட்ரெயில். அமேசன், ஒரினோக்கோ, எசெக்கிபோ ஆற்றுப் படுகைகளைச் சேர்ந்தது. வளர்ந்தால் ஒரு மீற்றரைத் தாண்டும். தூண்டிலில் பிடிபட்டதற்கான உலக சாதனை 2010இல் பிரேசிலில் பதிவானது: 56 கிலோ. காணொளிகளில் வருவது பெரும்பாலும் இதுதான்.

2. ரைகர் ஷோவல்நோஸ். இதுவும் தென்னமெரிக்க மீன். மண்வெட்டித் தகடு மாதிரித் தட்டையான மூக்கு, உடலில் கறுப்புக் கோடுகள். இதுவும் ஒரு மீற்றர் அளவுக்கு வளரும். இதையும் ரெட்ரெயிலையும் கலந்து பண்ணைகளில் உருவாக்கிய கலப்பினமும் விற்பனையில் உண்டு. அது சிறிதாகவே இருக்கும் என்று கடையில் சொன்னால் நம்ப வேண்டாம். தாயும் தகப்பனும் ஒரு மீற்றர் என்றால் பிள்ளை கையடக்கமாக நின்றுவிடுமா?

3. "ஷார்க்" என்ற பெயரில் விற்கும் பங்காசியஸ். சுறாவுக்கும் இதற்கும் ஒரு உறவும் கிடையாது. மீகொங், சாவோ பிரயா ஆறுகளைச் சேர்ந்த கெளிறு. 1.3 மீற்றர் நீளமும் 44 கிலோ எடையும் எட்டக்கூடியது. வியட்நாமில் உணவுக்காகப் பெருமளவில் வளர்க்கப்படுகிறது. மற்ற இரண்டையும் போல முழு வேட்டையாடி இல்லை, எதையும் தின்னும். கூட்டமாக நீந்திப் பழகிய, எளிதில் மிரளும் மீன் என்பதால் சிறிய தொட்டியில் தனியாக விட்டால் கண்ணாடியில் மோதி மூக்கை உடைத்துக்கொள்ளும். இதன் நெருங்கிய உறவான மீகொங் இராட்சதக் கெளிறு ஒன்று 2005இல் தாய்லாந்தில் 293 கிலோ எடையில் பிடிபட்டது.

4. "ராங்க் கிளீனர்". வாயால் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு பாசி தின்னும் கவச மீன். செதிலுக்குப் பதிலாக எலும்புத் தகடுகள் உடலை மூடியிருக்கும். வேட்டையாடியும் இல்லை, மற்ற மூன்றின் பருமனும் இல்லை. ஒன்றரை அடி அளவில் நின்றுவிடும். ஆனாலும் குளத்தைப் பற்றிப் பேசும் இடத்தில் இந்தப் பட்டியலின் முதல் பெயர் இதுவாகத்தான் இருக்கும்.

அரோவானா, அலிகேற்றர் கார் போன்றவை கெளிறுகள் அல்ல. இடத்துக்கும் தண்ணீருக்கும் கீழே வரும் கணக்கு அவற்றுக்கும் பொருந்தும்.

"தொட்டிக்கு ஏற்ற மாதிரித்தான் வளரும்"

கடைகளில் மிக அதிகம் கேட்கும் வாசகம் இது. பாலூட்டிகளுக்கு ஒரு குறிப்பிட்ட வயதுக்குப் பிறகு வளர்ச்சி நின்றுவிடும். பெரும்பாலான மீன்களுக்கு அப்படி ஒரு முற்றுப்புள்ளி கிடையாது. வயது கூடக் கூட வேகம் குறையுமே தவிர, வளர்ச்சி தொடரும். ரெட்ரெயில் போன்ற ஆற்று வேட்டையாடிகளுக்கு முதல் வருடம்தான் மிக வேகமான காலம். விரல் நீளத்தில் இருக்கும்வரை அதைத் தின்னப் பல வாய்கள் உண்டு என்பதால், விரைவாகப் பருப்பதே அதன் தற்காப்பு. தீனி ஒழுங்காகக் கிடைத்தால் ஒரு வருடத்துக்குள் ஒன்றரை அடியை எட்டுவது வழமை. அதற்குப் பிறகும் பதினைந்து, இருபது வருடம் உயிர்வாழக்கூடியது.

அப்படியானால் சிறிய தொட்டியில் சில மீன்கள் குள்ளமாக நிற்கின்றனவே? கண்ணாடிச் சுவரைப் பார்த்து மீன் தன் வளர்ச்சியை நிறுத்திக்கொள்வதில்லை. அழுக்கான தண்ணீர், குறைந்த ஒட்சிசன், தொடர் அழுத்தம், போதாத தீனி ஆகியவை சேர்ந்து வளர்ச்சியை முடக்குகின்றன. அடிக்கடி திரும்ப முடியாமல் முதுகெலும்பு வளைவதும் உண்டு. பெரும்பாலான மீன்கள் குள்ளமாக நிற்பதற்கு முன்பே செத்துவிடுகின்றன. செத்தவற்றை யாரும் காணொளி எடுப்பதில்லை என்பதால் தப்பியவை மட்டும் சாட்சியாக நிற்கின்றன.

இதற்கு நேர் எதிரான கதை ஒன்றும் உலாவுகிறது: உடல் நின்றாலும் உள்ளுறுப்புகள் வளர்ந்துகொண்டே போய் மீன் வெடித்துச் செத்துவிடுமாம். இதுவும் கட்டுக்கதைதான். மீனைக் காப்பாற்றும் நல்லெண்ணத்தில் சொல்லப்படுவதால் இதை யாரும் கேள்வி கேட்பதில்லை.

இடம்: ஒரு அறை அளவு

முழுதாக வளர்ந்த மீனுக்கு எவ்வளவு இடம் வேண்டும் என்பதற்குப் பெரிய மீன் வளர்ப்போர் பின்பற்றும் எளிய அளவு ஒன்று உண்டு. தொட்டியின் நீளம் மீனின் நீளத்தைப் போல மூன்று மடங்காவது இருக்க வேண்டும். அகலம் இரண்டு மடங்கு, அப்போதுதான் உடலை வளைக்காமல் திரும்பலாம்.

மீன் 1.2 மீற்றர் என்று வைப்போம். தொட்டி 3.6 மீற்றர் நீளம், 2.4 மீற்றர் அகலம். ஆழம் 1.2 மீற்றர் போதும். பெருக்கினால் 10,368 லீற்றர். ஒரு லீற்றர் தண்ணீர் ஒரு கிலோ, ஆகவே தண்ணீர் மட்டும் பத்துத் தொன். வீட்டுக் கூரைக்கு மேல் வைக்கும் 1,000 லீற்றர் தாங்கிகளில் பத்து.

இப்போது வழக்கமாக வரவேற்பறையில் வைக்கும் தொட்டியைப் பாருங்கள். நான்கடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம். ஒன்பது கன அடி. அதாவது ஏறக்குறைய 255 லீற்றர். தேவைக்கு நாற்பதில் ஒரு பங்கு. 1.2 மீற்றர் மீனுக்கு இந்தத் தொட்டியின் நீளமும் தன் நீளமும் ஒன்றே.

கண்ணாடியைப் பெரிதாக்கினால் போகிறது என்று நினைப்பவர்களுக்கு இன்னொரு எண். தண்ணீர் சுவரைத் தள்ளும் விசை, உயரத்தின் வர்க்கத்தோடு கூடும். உயரம் இரட்டித்தால் விசை நான்கு மடங்கு. நான்கடித் தொட்டியின் முன்கண்ணாடியைத் தண்ணீர் சுமார் 127 கிலோ பாரத்துக்குச் சமமாகத் தள்ளுகிறது. மேலே சொன்ன பெரிய தொட்டியின் நீளச் சுவரில் அது இரண்டரைத் தொன்னைத் தாண்டும். உள்ளூரில் கண்ணாடி வெட்டி சிலிக்கன் பூசி ஒட்டும் வேலைக்கு இது அப்பாற்பட்டது. ஆகவே கொங்கிரீற்றுத் தொட்டிதான் ஒரே வழி. புதுச் சீமெந்து தண்ணீருக்குள் சுண்ணாம்பைக் கசியவிட்டுக் காரத்தன்மையை உயர்த்தும் என்பதால், பல வாரங்களுக்கு நிரப்பி நிரப்பி வெளியேற்றிய பிறகே மீனை விட வேண்டும்.

தண்ணீர்: கண்ணுக்குத் தெரியாத கழிவு

இடத்தைவிட இறுக்கமான எல்லை இதுதான். மீன் தின்னும் புரதத்தில் உடலாக மாறாத பகுதி, பெரும்பாலும் அமோனியாவாகச் செவுள் வழியே வெளியேறுகிறது. வடிகட்டியில் குடியிருக்கும் பற்றீரியாக்கள் அந்த அமோனியாவை முதலில் நைத்திரைற்றாகவும் பிறகு நைத்திரேற்றாகவும் மாற்றுகின்றன. முதல் இரண்டும் நச்சு. மூன்றாவது ஒப்பீட்டளவில் சாது, ஆனால் தேங்கிக்கொண்டே போகும். அதை வெளியேற்ற வீட்டில் உள்ள ஒரே வழி தண்ணீரை மாற்றுவது.

நீருயிரின வளர்ப்பில் தீனியிலிருந்து அமோனியாவை மதிப்பிட ஒரு சூத்திரம் உண்டு: தீனியின் எடை, அதன் புரதப் பங்கு, 0.092 ஆகிய மூன்றின் பெருக்கம். ஐந்து கிலோ மீனுக்கு நாளொன்றுக்கு 100 கிராம் உருண்டைத் தீனி, அதில் 40 வீதம் புரதம் என்று வைத்தால், 3.7 கிராம் அமோனியா நைதரசன் கிடைக்கிறது. இதை வைத்துச் சில விடயங்களைக் கணிக்கலாம்.

1. வடிகட்டி வேலை செய்யாவிட்டால், 255 லீற்றர் தொட்டியில் ஒரே நாளில் லீற்றருக்கு 14 மி.கி. அமோனியா சேரும். அமோனியா முழுவதும் ஒரே அளவு நஞ்சல்ல. அயனாகாத பகுதிதான் செவுளைத் தாண்டி இரத்தத்துக்குள் போகும். அந்தப் பகுதியைத் தீர்மானிப்பவை தண்ணீரின் பி.எச். பெறுமானமும் (அமில, காரத்தன்மையின் அளவு; 7க்கு மேலே போனால் காரம்) வெப்பநிலையும். 30 பாகை செல்சியசில், பி.எச். 7 என்றால் அது 0.8 வீதம். பி.எச். 8 என்றால் 7.4 வீதம். பி.எச். 8.5 என்றால் 20 வீதம்.

2. வன்னியில் பல இடங்களில் கிணற்றுத் தண்ணீர் கடினமானது. கேத்தலின் அடியில் படியும் வெள்ளைப் படிவே அதற்குச் சாட்சி. கடின நீர் பொதுவாகக் காரப் பக்கம் சாய்ந்திருக்கும். கோடையில் தொட்டி நீரின் வெப்பம் சர்வசாதாரணமாக 30 பாகையைத் தொடும். ஆகவே அதே அளவு கழிவு, மென்மையான அமேசன் நீரில் இருப்பதைவிடப் பல மடங்கு நஞ்சாக இங்கே மாறுகிறது. 14 மி.கி.யில் 7.4 வீதம் என்றால் ஒரு மி.கி. 0.05 மி.கி. அளவிலேயே செவுள் பாதிக்கப்படத் தொடங்கும்.

3. வடிகட்டி குறையில்லாமல் வேலை செய்கிறது என்றே வைப்போம். 3.7 கிராம் நைதரசன், 16 கிராம் நைத்திரேற்றாக மாறும். 255 லீற்றரில் அது நாளொன்றுக்கு 64 மி.கி. உயர்வு. வளர்ப்போர் பொதுவாக வைக்கும் 40 மி.கி. எல்லையை ஒரு நாள் முடிவதற்குள் தாண்டிவிடும். 10,000 லீற்றரில் நாளுக்கு 1.6 மி.கி.தான், எல்லையைத் தொட 25 நாள் எடுக்கும். பெரிய தொட்டி வைப்பதன் முதன்மையான காரணம் மீன் நீந்துவதற்கல்ல, தன் கழிவிலேயே மூழ்காமல் இருப்பதற்கு.

இந்த மூன்றாவது புள்ளியைப் பலர் தவறவிடுகிறார்கள். விலை கூடிய வடிகட்டி வாங்கினால் தண்ணீர் மாற்றத் தேவையில்லை என்று நம்புகிறார்கள். தெளிவான தண்ணீரும் சுத்தமான தண்ணீரும் வேறு வேறு. கண்ணாடிபோல் தெரியும் தண்ணீரில் மீன் மேலே வந்து வாயைத் திறந்து மூடுவது இதனால்தான்.

வாரத்துக்கு மூன்றில் ஒரு பங்கு மாற்றுவது நல்ல பழக்கம் என்றால், பெரிய தொட்டிக்கு வாரம் 3,000 லீற்றருக்கு மேல் தேவை. ஆனி தொடக்கம் புரட்டாதி வரை கிணறுகள் கீழிறங்கி, சில கிராமங்களுக்குப் பவுசரில் குடிதண்ணீர் ஓடும் மாவட்டங்கள் இவை. தொட்டியிலிருந்து வெளியேறும் தண்ணீரைத் தென்னைக்கோ வாழைக்கோ விட்டால் நைதரசன் பசளையாகப் பயன்படும், அது உண்மை. அதற்காக ஒரு மீனுக்கு அந்த அளவு தண்ணீரை இறைப்பதை நியாயப்படுத்த என்னால் முடியவில்லை.

குழாய் நீர் இணைப்பு உள்ளவர்களுக்கு ஒரு சொல்: அதில் குளோரின் உண்டு. நேரே விட்டால் மீனின் செவுளையும் வடிகட்டியின் பற்றீரியாவையும் சேர்த்துத் தாக்கும். ஒரு நாள் திறந்து வைத்தோ, குளோரின் நீக்கும் துளி விட்டோதான் பாவிக்க வேண்டும்.

மின்சாரம்

பத்தாயிரம் லீற்றரை வடிகட்டிக்குள் சுழற்றும் பம்பும், காற்று ஊதும் பம்பும் சேர்த்து 250 வாற் என்று குறைத்தே வைப்போம். இருபத்துநான்கு மணிநேரமும் ஓட வேண்டும். மாதம் 180 அலகு. வீட்டு மின்கட்டணத்தின் உச்சப் படி தொடங்கும் இடமே 180 அலகுதான். மீன் அங்கே கொண்டுபோய் நிறுத்திய பிறகு, வீட்டின் மின்குமிழ், மின்விசிறி, குளிர்சாதனப் பெட்டி எல்லாம் அந்த உச்ச விலையில் ஓடும்.

பணம் ஒரு பக்கம். 2022இல் நாளுக்கு 13 மணிநேரம்வரை மின்வெட்டு நடந்தது. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி நாடு முழுவதும் இருண்டது. சூடான தண்ணீர் ஒட்சிசனைக் குறைவாகவே பிடித்து வைத்திருக்கும்: 25 பாகையில் லீற்றருக்கு 8.2 மி.கி. என்றால் 30 பாகையில் 7.5. பம்பு நின்றால் மீனும் பற்றீரியாவும் அந்தச் சிறு கையிருப்புக்குப் போட்டியிடும். சுங்கானுக்கு இதில் கவலை இல்லை, மேலே வந்து காற்றைக் குடித்துக்கொள்ளும். பங்காசியசுக்கும் ராங்க் கிளீனருக்கும்கூட அந்தத் திறமை உண்டு. ரெட்ரெயிலுக்கு இல்லை. சில மணிநேரத்தில் வடிகட்டியின் உள்ளே பற்றீரியா செத்து அழுகத் தொடங்கும், கரண்ட் திரும்பியதும் அந்த அழுகல் நீர் தொட்டிக்குள் பாயும். மின்வெட்டில் தப்பிய மீன் மின்சாரம் வந்த பிறகு சாவது இப்படித்தான்.

வாய்

வேட்டையாடிக் கெளிறு கடித்துத் தின்பதில்லை. வாயைத் திடீரென்று திறந்து தண்ணீரோடு சேர்த்து இரையை உறிஞ்சும். வாய்க்குள் கொள்ளும் எதுவும் இரையே: கூட இருக்கும் மீன், கூழாங்கல், வெப்பமானி, கண்ணாடியில் ஒட்டும் றப்பர்க் குமிழ். சிலவற்றைப் பிறகு கக்கிவிடும், சில குடலில் நிற்கும். இன்னொரு கெளிற்றை விழுங்கினால் அதன் மார்புச் செட்டை முள் விரிந்து பூட்டிக்கொள்ளும், விழுங்கியதும் விழுங்கப்பட்டதும் சேர்ந்து சாகும்.

காணொளிக்காகக் கோழி, மாட்டிறைச்சி போடுவது மீனுக்குக் கெடுதி. அந்தக் கொழுப்பு அதன் உடலில் படிந்து ஈரலைக் கெடுக்கும். சில மீன்களைப் பச்சையாகவே தொடர்ந்து கொடுப்பதும் சிக்கல். அவற்றில் உள்ள தயமினேசு என்ற நொதியம் உயிர்ச்சத்து பி1ஐ அழித்துவிடும். வளர்ந்த மீனுக்கு வாரம் இரண்டு முறை தீனி போதும்.

மீன் குளத்துக்குப் போகும்போது

ஒன்றரை அடி எட்டிய மீனைக் கடை திரும்ப எடுக்காது, தெரிந்தவர்களும் எடுக்கமாட்டார்கள். கொல்வது பாவம் என்று வீட்டில் சொல்வார்கள். வாளியோடு குளக்கட்டுக்குப் போவது இரக்கச் செயலாகவே அந்த நேரம் தோன்றும். இன்னொரு வழி, யாரும் விடாமலே நடப்பது. 2018 டிசம்பரில் இரணைமடுவின் வான்கதவுகள் திறக்கப்பட்டு, கிளிநொச்சி, முல்லைத்தீவுத் தாழ்நிலங்கள் மூழ்கியபோது வளவுகளுக்குள் தண்ணீர் வந்தது. வளவுக்குள் வரும் தண்ணீர் தரைமட்டத் தொட்டியையும் ஒரு குளத்தின் பகுதியாக்கிவிடும். அதே 2018இன் கேரள வெள்ளத்துக்குப் பிறகு, சாலக்குடி ஆற்றில் அமேசனின் இராட்சத மீனான அரபைமா பிடிபட்டது. அதுவும் யாரோ வளர்த்த இடத்திலிருந்து தப்பியதே.

வன்னியின் நீர் அமைப்பு இதை இன்னும் எளிதாக்குகிறது. ஒரு குளத்தின் வான் நீர் அடுத்த குளத்துக்குப் போகும் தொடர் அமைப்பு இது. கனகராயன் ஆறு இரணைமடுவை நிரப்பிச் சுண்டிக்குளம் களப்புவரை போகிறது. மன்னாரின் கட்டுக்கரைக்குளம் தேக்கம் அணையிலிருந்து அருவி ஆற்று நீரைப் பெறுகிறது, அந்த ஆறு அநுராதபுர மாவட்டத்திலிருந்து வருவது. அங்கே விடப்பட்ட மீன் இங்கே வலையில் வர, யாரும் அதைத் தூக்கிக்கொண்டு வரத் தேவையில்லை.

சரி, போய்ச் சேர்ந்த மீன் என்ன செய்யும்? இங்கே பயத்தின் வரிசையும் ஆபத்தின் வரிசையும் தலைகீழாக இருக்கின்றன.

1. ரெட்ரெயில், ஷோவல்நோஸ். தனி மீன் இனம் பெருக்காது. பண்ணைகளில்கூட ஓர்மோன் ஊசி போட்டே இனப்பெருக்கம் செய்விக்கிறார்கள். கோடையில் வற்றும் சிறு குளத்தில் இது ஆவணியைத் தாண்டாது. இரணைமடு, முத்தையன்கட்டு, வவுனிக்குளம் போல வருடம் முழுவதும் நீர் நிற்கும் குளங்களில் தப்பலாம். பத்துக் கிலோ மீன் ஒன்று நாளுக்குத் தன் எடையில் ஒரு வீதம் தின்றால் வருடம் 36 கிலோ மீன். தேசிய நீருயிரின வளர்ப்பு அபிவிருத்தி அதிகார சபை விடும் கட்லா, ரோகு குஞ்சுகளும் அதற்குள் அடங்கும். இழப்புத்தான், ஆனால் ஒரு குளத்தின் மீன்பிடியை அது கவிழ்க்காது. ஆளை விழுங்கும் என்ற கதைகளுக்கு இடமே இல்லை.

2. பங்காசியஸ். காற்றைச் சுவாசிப்பதால் குளத்தில் நன்றாக வாழும். முட்டையிட நீண்ட ஆற்றுப் பயணம் தேவைப்படும் மீன் என்பதால் குளத்துக்குள் பெருக வாய்ப்புக் குறைவு.

3. ஆபிரிக்கக் கெளிறு. மேலே சொன்ன நான்கில் இல்லாதது. கடைகளில் வெளிறிய நிறத்தில் "கற்ஃபிஷ்" என்று மட்டும் பெயரிட்டு விற்கும் குஞ்சுகளில் இதன் இனத்தவையும் இருக்கக்கூடும். ஒரு மீற்றரைத் தாண்டும், காற்றைச் சுவாசிக்கும், எதையும் தின்னும், தேங்கிய நீரில் தானாகப் பெருகும். இந்தியா இதன் வளர்ப்பைத் தடைசெய்திருப்பது காரணமில்லாமல் இல்லை.

4. ராங்க் கிளீனர். இலங்கையின் நீர்நிலைகளில் ஏற்கெனவே நிலைகொண்டுவிட்ட ஆக்கிரமிப்பு இனம். ஆண் மீன் கரையின் மண்ணைக் குடைந்து ஒரு மீற்றர்வரை நீளும் பொந்து அமைத்து முட்டைகளைக் காக்கும். மெக்சிக்கோ, புளோரிடா, ரெக்சாஸ் ஆகிய இடங்களில் இந்தப் பொந்துகளால் கரைகள் அரித்துச் சரிந்தது பதிவாகியுள்ளது. மெக்சிக்கோவின் இன்ஃபியர்னியோ நீர்த்தேக்கத்தில் திலாப்பியா மீன்பிடி, இந்த மீனின் பெருக்கத்தோடு சரிந்தது. வலைகளை நிறைத்தது கவச மீன், அதன் முட்கள் வலையைக் கிழித்தன.

வன்னியின் குளங்கள் மண் அணைகளால் ஆனவை. சிறுகுளங்களின் கட்டுகள் பலவற்றுக்குக் கல் அணைப்புக்கூட முழுமையாக இல்லை. கட்டின் உட்சரிவில் நூற்றுக்கணக்கான பொந்துகள் விழுந்து, கோடையில் நீர் இறங்கி அவை காய்ந்து, மாரியில் ஒரே வாரத்தில் குளம் நிரம்பினால் என்ன நடக்கும் என்பதை நீர்ப்பாசனத்தில் வேலை செய்பவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. பெரிய வாயைப் பார்த்துப் பயப்படுபவர்கள், ஐந்து தங்கமீனோடு இலவசமாகக் கிடைத்த பாசி தின்னும் மீனைப் பற்றித்தான் கூடுதலாகக் கவலைப்பட வேண்டும்.

இலங்கை இதற்கு முன்னும் வெளி மீன்களைக் கண்டிருக்கிறது. 1950களின் தொடக்கத்தில் அரசே கொண்டுவந்த திலாப்பியா இன்று உள்நாட்டு மீன்பிடியின் முதுகெலும்பு. அதை உதாரணம் காட்டி "இதுவும் நன்மையாக முடியலாமே" என்று வாதிடுபவர்கள் உண்டு. திலாப்பியா தாவரங்களையும் நுண்பாசியையும் தின்று இறைச்சியாக்கும் மீன், சந்தையும் அதை ஏற்றது. அலங்கார மீனாக வந்து மேல் மாகாண நீர்நிலைகளில் பரவிய கத்தி மீன் அப்படியல்ல. அது உள்ளூர்ச் சிறுமீன்களைத் தின்று வாழும் வேட்டையாடி.

உள்ளூர் வாளையை வளர்க்கலாமே என்பது அடுத்த கேள்வி. தப்பினாலும் தன் சொந்தக் குளத்துக்கே போகும் என்பது சரிதான். ஆனால் அதுவும் ஒரு மீற்றரைத் தாண்டும் வேட்டையாடி, இடத்துக்கும் அமோனியாவுக்கும் போட்ட கணக்கு அப்படியே பொருந்தும். போதாததற்கு, உலக அளவில் அழியும் ஆபத்துக்கு உள்ளாகக்கூடிய இனமாக வகைப்படுத்தப்பட்ட மீன் அது.

சட்டம்

1996ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடற்றொழில், நீரியல் வளங்கள் சட்டத்தின் கீழ் உயிர்மீன்களின் இறக்குமதியும் ஏற்றுமதியும் ஒழுங்குபடுத்தப்படுகின்றன. பிரானா போன்ற சில இனங்களைக் கொண்டுவரவே முடியாது. இந்தக் கட்டுப்பாடு பெரும்பாலும் துறைமுகத்திலும் விமான நிலையத்திலும் நிற்கிறது. இரவில் வாளியோடு குளக்கட்டுக்கு ஏறும் ஒருவரைப் பார்க்க அங்கே யாரும் இல்லை. மீன் பெரிதாகிவிட்ட பிறகு சட்டத்தைத் தேடுவதில் பயனில்லை, வாங்கும் இடத்தில்தான் முடிவு நடக்கிறது. ஆகவே கடைக்காரரிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: முழு வளர்ச்சியில் இதன் நீளம் என்ன? பதில் தெரியாது என்றாலோ, "தொட்டிக்கு ஏற்ற மாதிரி" என்றாலோ வாங்காதீர்கள்.

ஏற்கெனவே வீட்டில் இருந்தால்

முதலில் தீனியைக் குறையுங்கள். குறைந்த தீனி, குறைந்த அமோனியா, மெதுவான வளர்ச்சி. ஆறேழு மாத அவகாசம் அதனால் கிடைக்கும். அதற்குள் கடையிடமோ, பெரிய தொட்டி வைத்திருப்பவரிடமோ ஒப்படைக்க முயலுங்கள்.

சீமெந்துத் தொட்டி கட்டுவதானால், சுவரின் விளிம்பு 2018 வெள்ளம் உங்கள் வளவில் நின்ற மட்டத்தைவிட உயரமாக இருக்க வேண்டும். மேலே கம்பி வலை போடுங்கள். மீன் துள்ளி வெளியே விழாமலும் குழந்தைகள் உள்ளே விழாமலும் தடுக்கும். வடிகானை வாய்க்காலோடு இணைக்க வேண்டாம். பெரிய கெளிறு நுளம்புக் குடம்பியைத் தின்பதில்லை என்பதால், தண்ணீர் தேங்கி நின்றால் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் கதவைத் தட்டுவார், பம்பு ஓடிக்கொண்டே இருக்கட்டும்.

கறி வைக்கலாமா என்ற கேள்விக்கு: கெளிறுகள் நஞ்சுள்ள மீன்கள் அல்ல. ஆனால் அலங்கார மீன்களுக்கு நோய் வந்தால் மலக்கைற்றுப் பச்சை, போமலின் போன்றவற்றைத் தண்ணீரில் கலப்பார்கள். மலக்கைற்றுப் பச்சையை உணவு மீனுக்குப் பல நாடுகள் அனுமதிப்பதில்லை. குஞ்சாகக் கடையில் இருந்த காலத்தில் என்ன மருந்து பட்டது என்பது உங்களுக்குத் தெரிய வழியில்லை. தவிர்ப்பதே நல்லது.

ஒரு வழியும் இல்லையென்றால், கொல்வதுதான் குளத்தில் விடுவதைவிடச் சரியான செயல். தண்ணீருக்கு வெளியே துடிக்க விடுவதோ ஐஸ் கட்டியில் போடுவதோ வேண்டாம், இரண்டிலும் மீன் நெடுநேரம் துன்பப்படும். கராம்பு எண்ணெயைச் சிறிது வெந்நீரில் நன்றாகக் குலுக்கிக் கரைத்து, மீன் இருக்கும் சிறு பாத்திரத்துக்குள் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்தால் மீன் மயங்கும். மேலும் சேர்த்து, செவுளின் அசைவு நின்ற பிறகும் அரை மணிநேரத்துக்குக் குறையாமல் அதிலேயே வைத்திருங்கள். பிறகு வளவில் ஆழமாகப் புதைக்கலாம். அந்தத் தண்ணீரை வாய்க்காலிலோ கிணற்றடியிலோ ஊற்றாமல் காய்ந்த மண்ணில் ஊற்றுங்கள்.